ஆசிரியரும் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில், தமிழ் பயிலும் எம்மனோர்க்குக் கரையான் அரித்த ஏட்டுச்சுவடியும், கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டும், பாடபேதக் குறிப்பும் நினைவுக்கு வருதல் இயல்பே. விஞ்ஞானம் பயிலும் நண்பர்க்கோ கண்ணாடிக் குழாயும் தராசும் தோன்றும். நாற்பது சிறுவர் ஒருங்கிருந்து ஒரு பாட்டைக் கூடி ஓதும் தொடக்கப்பள்ளி வகுப்பறையும் ஓர் ஆராய்ச்சிக் களமே என்று நினைப்பார் அரியர். ஆசிரியர் சொல்லியது யாது, சிறுவர் கொண்டது யாது, இரண்டிற்கும் இடையே நழுவி வீழ்ந்தது யாது என்னும் இம்மூன்றையும் ஆராய்தற்கு அவ்வகுப்பின் ஆசிரியரினும் வாய்ப்புடையார் பிறர் இலர். எனினும், தம்மைக் கற்பித்தவர் கையாண்ட முறையையே தாமும் முப்பது ஆண்டு கையாண்டு, ஒரு நாளேனும் அதனைத் திரும்பி நோக்காது ஓய்வு பெறுவார் பலர். நம் வகுப்புத் தோழருள் ஒரு சாரார் இன்னும் சில ஆண்டுகளில் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளவிருத்தலின், இப்பொருளைச் சிறிது சிந்தித்தல் தகும் என்று கருதி எழுதப் புகுந்தோம்.

நம் முன்னோர் இதனைச் சிந்தியாதிருந்தாரல்லர். 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், தாம் இயற்றிய நன்னூலில், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்னரே, பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பையும் பாடஞ் சொல்லும் முறையையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைக்கின்றார். நல்லாசிரியர்க்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமையாயின. ஆசிரியராகத் தகாதார்க்கு அவர் கூறிய உவமைகளே எமக்கு மிகுந்த சுவை தருவன. கழற்காய் பெய்த குடம், இட்ட முறை ஒன்றும் வெளிவரும் முறை மற்றொன்றுமாகக் காய்களை உருட்டிவிடும். மடல் அடர்ந்த பனை, தானே பழத்தை உதிர்த்தாலன்றி, ஏற முயல்வார்க்குப் பயன் தாராது. பருத்தி அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே கொண்டு சிறிது சிறிதாகவே கொடுக்கும். வளைந்த தெங்கோ, ஒருவர் நீர் வார்த்து வளர்க்க, அயலார் மனையிற் காயைச் சொரியும். பனைக்கும் தெங்கிற்கும் இடையே பிறந்து வளர்ந்த குமரி மாவட்டத்தார்க்கு இவ்வுவமைகளுக்கு உரை வேண்டுவதில்லை.

மாணாக்கர்க்கும் அன்னம், ஆ முதலாக எருமை, நெய்யரி ஈறாக உவமைகள் உண்டு. ஆசிரியர் பலர் இப்பட்டியலைப் பிழையின்றி ஒப்பிப்பதை வகுப்பில் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். முன்னைய பட்டியலை அவ்வளவு அடிக்கடி கேட்டிலேம்!

ஆயினும் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. பனை தன்னை மடற்பனை என்று எங்ஙனம் அறியும்? தாம் நன்றாகச் சொல்லிக் கொடுத்ததாகவே எந்த ஆசிரியரும் எண்ணுவர். மாணாக்கர் முகம் அசைந்தது, தலை ஆடியது, கூட்டமாக விடை வந்தது. கூட்டமாக வந்த விடையுள் எத்தனை குரல் மெய்க்குரல், எத்தனை குரல் அயலான் வாயைப் பார்த்து எழுந்த எதிரொலி என்பதைச் செவியால் மட்டும் பிரித்தறிதல் அரிது. பவணந்தியார் கற்பானுடைய கொள்ளும் வகையை அறிந்து, அவன் மனங்கொள்ளுமாறு சொல்லுக என்று விதித்தார். அறிதற்குரிய வழியைத் தேடுவது ஒவ்வொரு தலைமுறை ஆசிரியர்க்கும் உரிய வேலையாக நின்றது. அவ்வேலைக்கே இக்காலத்தார் வகுப்பறை ஆராய்ச்சி என்றும், செயலாராய்ச்சி என்றும் பெயரிட்டனர்.

நன்னூற் பாயிரத்தில் பிறிதொரு கணக்கும் உண்டு. ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கைகூடுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பயிலுதலால் மற்றொரு காற்பங்கு கூடும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும். தேர்விற்கு முந்திய இரவில், விடுதி அறையில் ஒருவர் விளக்க ஐவர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கமுடைய நம் தோழர்க்கு இக்கணக்குப் பொய்யன்று என்பது தெரியும். விளங்கிக்கொள்பவர் அவ்வைவரினும் விளக்குகின்ற ஒருவரே.

இக்கணக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பழைய திண்ணைப்பள்ளிகளில் அண்ணாவி ஒருவரே பல படியில் நிற்கும் பிள்ளைகளை நடத்த வேண்டியிருந்தமையால், மூத்த மாணாக்கனைச் சட்டாம்பிள்ளையாக வைத்து இளையோர்க்குப் பாடம் ஓதுவித்தனர். தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதியே பிள்ளைகள் எழுத்துப் பழகினர். ஏடும் எழுத்தாணியும் பின்னர் வந்தன. மணலில் எழுதிய எழுத்துப் பிழையானால் உள்ளங்கையால் ஒரு முறை தடவினால் போதும். பிழையின் சுவடு இராது. காகிதத்திற் சிவப்பு மையால் வட்டமிட்ட பிழை ஆண்டு முழுவதும் சிறுவன் கண்முன் நிற்பதை நோக்க, மணலின் மென்மை எமக்கு வியப்பைத் தருகின்றது.

இப்பள்ளிகளில் ஒன்றை ஒரு காலைப்பொழுதில் கண்ணுற்றார் ஓர் ஆங்கிலத் திருச்சபைக் குரு. ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-ஆம் ஆண்டிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்பார், 1787-இல் சென்னை வந்து, 1789-இல் எழும்பூரில் இருந்த படைவீரர் சிறுவர்க்கான அநாதை விடுதிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அங்குக் கற்பித்தல் மந்தமாகவே நடந்தது. ஒரு நாள் குதிரைமேற் செல்லுங்கால், ஒரு மலபார்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையிலிருந்து மணலில் எழுதுவதைக் கண்டதாக அவரே கூறியுள்ளார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் மலபார் என்னும் பெயராற் குறிப்பது வழக்கமாதலின், சென்னையில் அவர் கண்டது நம் திண்ணைப்பள்ளியே என்று கொள்ளுதல் பொருந்தும். உடனே மீண்டு தம் பள்ளியின் கடைசி வகுப்பிலும் அம்முறையை நடத்துமாறு பணித்தார். பணிபெற்ற ஆசிரியர் அஃது இயலாதென்றார். பெல் அவரோடு வாதிட்டுக் காலங் கழிக்கவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்து, விளைவை நாள்தோறும் நோக்கினார். ஆசிரியர் இயலாதென்றதைச் சிறுவன் செய்து காட்டினான். மெல்ல மெல்லப் பள்ளி முழுவதும் மாணாக்கரே மாணாக்கரைக் கற்பிக்கும் முறைக்கு மாறியது. 1796-இல் தாயகம் திரும்பிய பெல், 1797-இல் தம் சோதனையை ஒரு சிறு நூலாக இலண்டனில் அச்சிட்டார். கற்பித்தலில் தாம் நடத்திய செய்கையைச் சோதனை என்னும் பெயரால் ஒருவர் வெளியிட்டது அக்காலத்துப் புதுமையே.

அந்நூலினின்று எழுந்ததே சென்னை முறை என்று உலகோர் வழங்கிய கல்விமுறை. ஜோசப் லங்காஸ்டர் என்பார் 1798-இல் இலண்டனில் தொடங்கிய பள்ளியும் இதனை ஒத்ததே. இருவருள் முதலில் கண்டவர் யார் என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. திண்ணைமேல் இருந்த அண்ணாவியை அவ்வழக்கில் சாட்சியாகவும் அழைத்தார் இலர். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் நிறுவிய தேசியக் கல்விச் சங்கம் பெல் முறையையே கைக்கொண்டது. அவர் விட்டுச்சென்ற பொருளால் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு மதராஸ் காலேஜ் என்றே பெயர். அஃது இன்றும் அப்பெயராலேயே நடந்து வருகின்றது. 1876-இல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் இரு பல்கலைக்கழகங்களிலும் கல்வியியலுக்கெனப் பேராசிரியர் பீடங்கள் அமைந்ததும் அவர் பொருளாலேயே.

இத்துணைப் புகழும் பெற்ற முறை பின்னர் என்னாயிற்று என்பதே நாம் ஊன்றி நோக்கத் தக்கது. நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் இருத்தி, ஓர் ஆசிரியர் உயர்ந்த மேடையில் நிற்க, சட்டாம்பிள்ளைகள் வரிசைதோறும் ஏவலிட, மணியடித்தால் எழுவதும் மணியடித்தால் அமர்வதுமாகக் கல்வி ஓர் ஆலைத்தொழிலாகியது. செலவு குறைவு என்பதே அதன் பெருஞ் சிறப்பாக எடுத்துரைக்கப்பட்டது. சிறுவன் ஒப்பித்தான், கேட்ட சிறுவனும் ஒப்பித்தான், இருவருள் எவனுக்கேனும் பொருள் விளங்கியதோ என்று கேட்பார் இலராயினர். 1846-இல் அந்நாட்டரசு, பயிற்சி பெறும் இளைஞரை ஆசிரியர்க்குத் துணையாக்கும் வேறு முறையைத் தொடங்கியபின் சட்டாம்பிள்ளை முறை தேய்ந்து மறைந்தது. முதல் நாள் குதிரைமேல் இருந்து கண்ட கண் கூர்மையான கண்ணே. கண்டதை விதியாக்கிய பின், அக்கண் மீண்டும் வகுப்பை நோக்காது மூடிக்கொண்டது என்பதே எம் கருத்து. ஒரு வகுப்பில் ஒரு காலத்தில் பயன்பட்ட முறை, எல்லா வகுப்பிற்கும் எக்காலத்தும் ஆகும் என்னும் துணிபு ஆராய்ச்சிக்குப் பகை.

பெல்லின் கண்ணுக்கு எட்டாத மற்றொன்றும் உண்டு. திண்ணையில் இருந்தாரை அவர் கண்டார்; திண்ணைக்குப் புறம்பே நின்றாரைக் கண்டாரல்லர். இங்கே நாம் சென்னையை விட்டு நம் நாட்டிற்கு வருதல் வேண்டும்.

அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. 1817-ஆம் ஆண்டில் இராணி கௌரி பார்வதிபாய் தம் மக்கட்குக் கல்வி அளிக்கும் செலவை அரசே ஏற்கும் என்று அறிக்கையிட்டார். அரச அறிக்கை இருந்தும், தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகட்கும், பொதுவாகப் பெண் குழந்தைகட்கும் திண்ணை எட்டாத உயரத்திலேயே இருந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் இந்நாட்டிற் புகுந்து மயிலாடியைத் தம் பணிக்கு நிலைக்களமாகக் கொண்டார். 1818-இல் வந்த மீட் ஐயர் நாகர்கோயிலை நடுவிடமாக்கினார். அடுத்த ஆண்டில் அங்கு ஒரு செமினெரி எழுந்தது. 1819-இல் வந்த மால்ட் ஐயரின் மனைவியார் மார்த்தா அம்மையார், பெண்பிள்ளைகட்கு உறைவிடப் பள்ளி நடத்தி, எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் கற்பித்தார். அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர் பின்னலால் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கினர் என்பது மிஷன் சரித்திரத்தில் பதிந்துள்ள செய்தி. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அறிக்கை 1855-இல் வந்தது. அதற்கு முன்னரே ஊசியும் நூலும் அவ்வேலையைத் தொடங்கிவிட்டன.

மிஷனெரிமார் செய்தன யாவும் குற்றமற்றன என்று நாட்ட யாம் இதனை எழுதவில்லை. எமக்கு இதிற் படுவது வேறு. வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை எண்ணுவார் பலர். அதில் இல்லாத பெயரை எண்ணுவார் சிலரே. வகுப்பறை ஆராய்ச்சிக்கு முதல் வினா, எந்தப் பிள்ளை இங்கு இல்லை என்பதாகும். உடலால் வந்திருந்தும் உள்ளத்தால் வாராத பிள்ளையும் அவ்வினாவுள் அடங்கும். இன்று நம் மாவட்டத்தில் பள்ளி இல்லாத ஊரைக் காண்டல் அரிது. எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாவட்டம் இது. ஆயினும், கடைசி வரிசையில் ஓராண்டு முழுதும் வாய் திறவாது அமர்ந்து, அடுத்த வகுப்பிற்கு ஏற்றப்படும் குழந்தை ஒன்றேனும் இல்லாத பள்ளியைக் காட்டுதலும் அரிதே. கல்விப் புள்ளிவிவரத்தில் அக்குழந்தையும் எழுத்தறிந்தது என்றே எண்ணப்படும்.

நிற்க. ஆசிரியரே ஆராய்ச்சியாளராய் வாழ்ந்ததற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. தேரூரில் 1876-ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களைப் புலவர் என்றே உலகம் போற்றுகின்றது. அவர் முப்பத்தாறு ஆண்டு ஆசிரியராயிருந்தவர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். கோட்டாற்றுத் தொடக்கப்பள்ளியிலும், நாகர்கோயிலில் ஆசிரியரைப் பயிற்றும் போதனாமுறைப் பாடசாலையிலும், பின்னர்த் திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் அவர் பணி நடந்தது. கல்வெட்டுக்களைத் தேடிப் படித்துக் காந்தளூர்ச் சாலையைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி 1939-இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த மலரும் மாலையும் என்னும் தொகுதியில் குழந்தைகட்கான பாட்டுக்கள் ஒரு பகுதியாய் விளங்குகின்றன. கல்லில் தேய்ந்த எழுத்தைப் பொறுமையோடு உற்று நோக்கிய கண்ணே, குழந்தையின் நாவிற்கு எந்தச் சொல் எளிது, எந்தச் சந்தி இடர்ப்படும் என்பதையும் நோக்கியிருக்கின்றது. அப்பாட்டுக்களில் பசுவும் கன்றும், கோழியும் கிளியும், குழந்தை நாள்தோறும் காணும் பொருள்களாகவே வருகின்றன. அறிவுரையின் சுமை மிகக் குறைவு. புலமை மிக்க ஒருவர் தம் புலமையை அத்துணை அடக்கி எழுதுதல், வகுப்பில் பல்லாண்டு குழந்தை முகத்தைப் பார்த்தவர்க்கன்றிக் கைகூடாது. அத்தேரூரிலேயே இன்று மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் அமைந்திருத்தல் மகிழ்ச்சி தரும் பொருத்தம்.

மேலைநாட்டில் இவ்வெண்ணம் படிப்படியே உருப்பெற்றது. ஜான் டூயி 1896-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியை நிறுவினார்; சிந்தித்தல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதைப் பற்றி 1910-இல் நூல் எழுதினார். 1946-இல் குர்ட் லெவின் என்னும் உளநூலார், செயலும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று தொடர்ந்து சுழலும் முறையை விளக்கினார். ஸ்டீபன் கோரி 1953-இல் அதனைப் பள்ளிக்கூடத்திற்குக் கொணர்ந்தார். ஆசிரியரே ஆராய்ச்சியாளர் என்னும் கொள்கையை 1975-இல் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வலியுறுத்தினார். இவர்களினும் எம் மனத்தைக் கவர்ந்தது யப்பானியர் வழக்கம். அங்கு ஆசிரியர் பலர் கூடி ஒரே பாடத்தை ஆயத்தஞ் செய்வர். ஒருவர் நடத்த மற்றையோர் வகுப்பின் ஓரத்தில் நின்று நோக்குவர். பின்னர் அனைவரும் அமர்ந்து பாடத்தை ஆராய்ந்து திருத்துவர். நோக்குவோர் கண் ஆசிரியர்மேல் இராது, மாணாக்கர்மேல் இருக்கும். நம் பள்ளிகளில் வகுப்பின் வாயிலிற் பிறர் வந்து நின்றால் அதிகாரி வந்தார் என்றே நெஞ்சு பதறும். உடன் ஆசிரியர் ஒருவர் உதவிக்கு வந்து நிற்றல் கூடும் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

தமிழ்நாட்டிலும் அரிய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. ஆந்திரத்து ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகட்கென உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சிறுவர் தரையில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவரோடு அமர்ந்தார். கரும்பலகை சுவரின் அடிப்பகுதிக்கு, குழந்தையின் கை எட்டும் உயரத்திற்கு இறங்கியது. ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளைக் கொண்டு தன் படியில் தானே ஏறியது. 2007-இல் அது மாநிலம் முழுதும் பரவியது. பின்னர்ப் புதிய திட்டங்கள் வந்தன. 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் தொடக்க வகுப்புகட்கு வந்தது. 13 பள்ளிகளில் ஆசிரியர் தாமே கண்டு தேர்ந்த மாற்றம் ஒரு வகை. பல்லாயிரம் பள்ளிகட்குச் சுற்றறிக்கையாய்ச் சென்று சேர்ந்த மாற்றம் பிறிதொரு வகை. பெல் கதையைப் படித்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

இனி, ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் செயலாராய்ச்சி ஒரு பாடமாகவே உள்ளது. அதன் நோக்கம் சிறந்ததே. ஆயினும் அச்சிட்டுக் கட்டிய ஏடாக மதிப்பெண்ணுக்கு அளித்தபின், அலமாரியில் அவ்வேடு உறங்கத் தொடங்கிவிடுகின்றது. ஒரே தலைப்பு ஆண்டுதோறும் ஊர்ப்பெயர் மட்டும் மாறி வருவதும் உண்டு என்று அத்துறையில் உள்ளாரே நகைத்துக் கூறுவர். ஆராய்ச்சி இன்ன அளவினதாய், இன்ன உறையிட்டதாய் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே ஆசிரியரை அச்சுறுத்துகின்றது என்று தோன்றுகின்றது. உண்மையில் அதற்கு வேண்டுவது ஒரு சிறு குறிப்பேடும், ஒரு தெளிந்த வினாவுமே.

நம் மாவட்டத்தினின்றே ஓர் எடுத்துக்காட்டு அமைத்துப் பார்ப்போம். விளவங்கோட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்க. பாடப்புத்தகத்தில் வெள்ளத்தால் ஊர் அழிந்தது என்று வருகின்றது. நம் பேச்சில் வெள்ளம் என்பது குடிக்கும் நீர். தாய் செம்பில் மொண்டு தரும் பொருள் ஊரை அழிக்கும் என்றால் குழந்தை திகைக்குமன்றோ? இவ்வாறே சக்கை என்பது நூல்வழக்கில் சாறு பிழிந்தபின் எஞ்சும் கோது. நம்மிடையே அது பலாப்பழம். மரவள்ளி என்று புத்தகம் கூறுவதை நம் பிள்ளைகள் மரச்சீனி என்றே அறிவர். பறைதல் என்றால் சொல்லுதல். இது மலையாளக் கலப்பு என்று இகழ்வாரும் உளர். தமிழகராதியைப் புரட்டினால் அப்பொருள் அங்கேயே இருக்கக் காண்பர்.

வழக்கமான முறை யாது? வெள்ளம் என்றால் நீர்ப்பெருக்கு என்று கரும்பலகையில் எழுதி, பத்து முறை எழுதிவருமாறு பணித்தல். ஆராயும் ஆசிரியை வேறு செய்வார். பாடந் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் வெள்ளம் என்பதைச் சிலேட்டில் படமாக வரையுமாறு சொல்வார். எத்தனை சிலேட்டில் குடமும் கிணறும் வந்தன, எத்தனையில் ஆறும் மிதக்கும் வீடும் வந்தன என்று எண்ணிக் குறித்துக்கொள்வார். வாய்விடையில் அயலானை ஒட்டி ஒளிந்துகொள்ளலாம். படத்தில் ஒளிதல் கடினம். பின்னர் வீட்டுச் சொல்லையும் புத்தகச் சொல்லையும் அருகருகே வைத்து, இரண்டும் சொல்லே, இடம் வேறு என்று விளக்குவார். மறுநாளே சோதித்து மகிழ்ந்துவிடாது, மூன்று வாரம் சென்றபின் மீண்டும் வரையச் சொல்வார். அடுத்த வகுப்பின் ஆசிரியர் பழைய முறையிலேயே அச்சொல்லை நடத்தியிருப்பாராயின், இரு வகுப்புச் சிலேட்டுகளையும் ஒருங்கு நோக்குவார். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் நன்று. ஐந்தை மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது. பயன் தராததையும் மறையாது எழுதுதல் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு இரண்டாம் முறையும் குடமே வந்தது என்பது, எத்தனை பிள்ளைக்கு ஆறு வந்தது என்பதினும் பெரிய செய்தி.

இவ்விடத்தில் மாற்கு எழுதின சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்துப் பெத்சாயிதாக் குருடனின் வரலாறு எமக்கு நினைவுக்கு வருகின்றது. ஆண்டவர் அவன் கண்களைத் தொட்டபின், எதையாயினும் காண்கின்றாயோ என்று அவனையே வினவினார். மனிதரை நடக்கிற மரங்களைப்போற் காண்பதாக அவன் உள்ளவாறே உரைத்தான். அவர் மீண்டும் தொட்டார். அவன் தெளிவாய்க் கண்டான். இதனைப் பற்றி வேதவிளக்கம் பலவாறு கூறுவர். அவற்றுள் நுழைய யாம் தகுதியுடையேம் அல்லேம். கற்பிப்போர் கண்கொண்டு படிக்கையில் இரண்டு செய்திகள் புலனாகின்றன. தொட்டவர், தொட்டதோடு நில்லாது கேட்டார். கேட்கப்பட்டவன் அஞ்சாது, அரைகுறையாகவே தெரிகின்றது என்றான். நம் வகுப்புகளில் ஆசிரியர் விளங்கிற்றா என்று கேட்பதுண்டு. மரம்போல் தெரிகின்றது, ஐயா என்று ஒரு பிள்ளை சொல்லத்தக்க அச்சமின்மை அவ்வகுப்பில் உண்டோ என்பதே வினா. பிரம்பு சட்டத்தால் விலக்கப்பட்டபின்னும் நகைப்பும் ஏளனமும் வகுப்பை விட்டு நீங்கினவல்ல.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர் கேட்பர். அவர் முறையீடு வெறும் சாக்கன்று. பதிவேடுகளும், எமிஸ் தளத்தில் நாள்தோறும் ஏற்ற வேண்டிய விவரங்களும், தேர்தற் பணியும் பிறவும் அவர் பொழுதை உண்கின்றன. ஆனால், மேலிடத்திற்கு அனுப்பும் கணக்குகள் ஆசிரியர்க்கு ஒன்றையும் திருப்பித் தருவதில்லை. தமக்கென எழுதும் பத்து வரிக் குறிப்போ அடுத்த வாரப் பாடத்தையே மாற்றவல்லது. திங்களுக்கு ஒரு வினா போதும். ஓராண்டிற்குப் பத்து வினாக்கள் ஆகும். பணிக்காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு பெரு நூலாகும்.

மற்றொரு தடையையும் சொல்லுதல் நேர்மை. ஒரு வகுப்பில் கண்ட முடிவு அவ்வகுப்பிற்கே உரியது. அதனைக் கொண்டு உலகிற்கு விதி வகுத்தல் ஆகாது. சிறுவரைச் சோதனைப் பொருளாக நடத்தும் மனப்பான்மையும் எளிதிற் புகுந்துவிடும். எந்தக் குழந்தை தவறியது என்னும் குறிப்பு ஆசிரியர் மேசையை விட்டு வெளியே செல்லலாகாது. பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் அது பேச்சுப்பொருளாதல் கூடாது. ஏட்டிற் பெயருக்கு மாறாக ஓர் எண்ணையோ மலரின் பெயரையோ இடுதல் நலம்.

தமிழ் பயிலும் நம்மவர் இதில் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. தோவாளை முதல் விளவங்கோடு வரை, வயற்புறத்தும் மலையடியிலும் கடற்கரையிலும் நம் தோழர் வீடுகள் பரந்துள்ளன. மீனவர் குழந்தை காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வழங்கும் சொல் தோவாளைப் பூந்தோட்டத்துக் குழந்தைக்குத் தெரியாது. அதன் மலர்ச்சொல் இதற்குத் தெரியாது. இரண்டும் புத்தகத்தில் இல்லை. வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளின் நாவில் வழங்கும் சொற்களுள் ஐம்பதைச் செவிப்பட எழுதி, ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் புத்தகச் சொற்களோடு ஒத்துப் பார்த்து வருவாராயின், நூலகத்து மேசையில் அவற்றை ஒன்றாக வைத்து அகரவரிசைப் படுத்தலாம். தேரூர்ப் பயிற்சி நிறுவனத்திற்கும் ஒரு படி கொடுக்கலாம். எம் பங்கிற்குரிய ஐம்பதில் பதினேழு சேர்ந்துள்ளன, முதலாவது வெள்ளம்.